எண்ணெய்க் கிழவனை விட்டுவிட்டுப் போன கப்பல்

கமாண்டருக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது ப்ளாஸ்டரில்தான். அன்று காலை அவள் கலக்கிய வேகத்தில் காற்றுக் குமிழி புகுந்து, யாரோ ஒரு கனவானின் கீழ்த்தாடை அச்சு எறும்பு அரித்த ரொட்டித் துண்டுபோல வெளியே வந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குப்பைத் தொட்டியில் போட்டாள். மறுபடி கலக்கினாள். மறுபடி குமிழி.

"யார்மேலக்கா கோபம்?" என்று பல் டாக்டர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"கப்பல்காரங்க மேல."

டாக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அனுபவஸ்தர். கப்பல் என்று பேச்சு ஆரம்பித்தால் அங்கே நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளி வாயைத் திறந்தபடியே மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

கமாண்டர் எந்தப் படையிலும் இருந்தவள் அல்ல. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய தம்பி. பல் செட் செய்வது அவள் தொழில். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு ஜன்னல் வைத்த ஒடுக்கமான அறை. மூன்று பக்கமும் அலமாரி, அலமாரி நிறையத் தாடைகள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் கீல் வைத்த ஒரு கருவியில் கவ்விக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்து மூடி, இடமும் வலமும் அசைத்து, எந்தக் கடவாய்ப் பல் எங்கே இடிக்கிறது என்று பார்த்து, மெழுகில் பல்லை நட்டு, சீவி, மறுபடி மூடிப் பார்ப்பாள். வாயின் சொந்தக்காரரை அவள் பார்த்தே இருக்க மாட்டாள். ஆனால் ஆள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரா, ஒரே பக்கமாக மெல்லுகிறவரா, ஏதோ சொல்ல வந்து தாடையை இறுக்கிக்கொண்டு சொல்லாமலே விட்டுவிடுகிறவரா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் அவளால்தான் சிரிக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் ஆளில்லை என்றும் கூடவே சொல்வார்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர். "ஒரு தொலைக்காட்சித் தொடர்தானே" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டில் தேநீர் குடித்துத் திரும்பியவர் யாரும் இல்லை.

தொடரின் பெயர் 'வெளியோடி'. அது ஒரு விண்கலத்தின் பெயரும்கூட. அவளுக்குப் பதினொரு வயதில் முதல் தொடர் வந்தது. கப்பலின் சுவர்கள் அட்டையில் செய்தவை. கேப்டன் சாய்ந்தால் சுவரும் கூடச் சாயும். நட்சத்திரம் என்பது கறுப்புத் துணியில் போட்ட ஓட்டை, பின்னால் ஒரு விளக்கு. காற்றடித்தால் பிரபஞ்சமே ஆடும். இதையெல்லாம் அவள் அப்போதே கவனித்தாள், கவனித்துக்கொண்டே முழுசாக நம்பினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதுதான் அந்தத் தொடர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் விஷயம்.

வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. எதிர்வீட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். தம்பி அவள் இடுப்பில் இருப்பான். அவனுக்குப் பாதித் திரைதான் தெரியும். மீதியை அக்காவின் காது மறைத்துவிடும். முதல் தொடரில் தான் கண்டது ஒரு பாதிக் கப்பலும் ஒரு முழுக் காதும்தான் என்று அவன் இன்றைக்கும் சொல்வான்.

அந்த முதல் பகுதியிலேயே கப்பலின் இன்ஜின்காரன் கப்பலுக்கு வெளியே இருக்கும் சக்கரத்தைப் பழுது பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறான். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை எண்ணெய். எல்லோரும் எண்ணெய் என்றுதான் கூப்பிடுவார்கள். எரிபொருள் தீரப் போகிறது, திரும்பினால் மொத்தக் கப்பலும் போய்விடும் என்று அத்தனை பேரும் கத்துகிறார்கள். கேப்டன் கப்பலைத் திருப்புகிறார். "கணக்குப் பார்த்தா விட்டுட்டுப் போயிடணும். அதனாலதான் நான் கணக்கே பார்க்கல" என்கிறார். அட்டைச் சுவர் ஆட, கப்பல் திரும்புகிறது.

அந்த வருஷம்தான் அவளுடைய அப்பா வேலை தேடி வெளியூர் போயிருந்தார். தேடிக்கொண்டே இருந்தார். இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்ற பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவளும் விளக்கியதில்லை. கேட்டால், "கதை நல்லாயிருந்துச்சு, அவ்வளவுதான்" என்பாள்.

பிறகு இரண்டாவது தொடர், மூன்றாவது, நான்காவது என்று வந்தன. கேப்டன்கள் மாறினார்கள். சுவர்கள் தகரமாயின, பிறகு கணினியில் வரைந்தவையாயின. எண்ணெய் மட்டும் மாறவில்லை. அதே நடிகர் நரைத்தார், தொந்தி போட்டார், எண்ணெய்க் கிழவனானார்.

பார்க்கிறவர்களும் நாலு பேராயினர். கமாண்டர், டிவி மெக்கானிக் ஆகிவிட்ட தம்பி, பக்கத்துத் தெருத் தையல்காரி, அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒருத்தர். படித்து முடித்து எத்தனையோ காலமாகிவிட்டாலும், வழக்குகள் வந்தும் வராமலும் இருந்தாலும், அன்றிலிருந்து அவர் வக்கீல்தான். தையல்காரிக்குப் பட்டப்பெயர் ஊசி. நாலு பேருக்கும் சாம்பல் நிறச் சட்டையும் ஆரஞ்சுக் காலரும் வைத்துக் கப்பல் சீருடை தைத்துக் கொடுத்தவள் அவள். வருஷா வருஷம் தையலைப் பிரித்து அகலமாக்கிக் கொடுக்கிறவளும் அவளே.

நாலு பேருக்கும் பொதுவான விதி ஒன்றும் அப்போது வந்ததுதான். இரண்டாவது தொடரின் கடைசிப் பகுதி வந்தபோது ஊசி மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தம்பி வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ நாடா மேஜைமேல் இருந்தது. வக்கீல் ஆவலில் அதைத் தொடப் போக, கமாண்டர் அவர் புறங்கையில் ஒன்று போட்டாள். "கப்பல் யாரையும் விட்டுட்டுப் போகாது. நாலு பேரும் ஒரே அறையில இல்லாம கடைசிப் பகுதி கிடையாது." ஊசி எழுந்து நடமாடுகிறவரை நாடா பீரோவில் கிடந்தது. கடைத்தெருவில் முடிவைச் சொல்ல வாயெடுத்த ஒருவனைத் தம்பி தள்ளிவிட்டு, சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வந்தான். கிழிந்ததையும் குணமான பிறகு ஊசிதான் தைத்தாள்.

கமாண்டரின் வீட்டுக்காரர் இந்த நாலில் சேர்த்தியில்லை. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பேச விட்டபோது அவள் கேட்ட ஒரே கேள்வி: "பாதி வழியில ஒரு பயணி இறங்கி ஓரமா ஒதுங்கியிருக்காரு. நேரமாயிடுச்சு. வண்டியை எடுப்பீங்களா?"

அவர் யோசித்தார். "எப்படிங்க எடுக்கறது? அவர் பெட்டி வண்டியில இருக்குமே. அதை எங்க கொண்டுபோய்க் குடுக்கறது?"

அவள் அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டாள். அவள் கொள்கை என்று எடுத்துக்கொண்டது அவருக்கு வெறும் சாமான் பிரச்சினை. இதைவிடச் சின்னக் குழப்பத்தின்மேல் நின்று நிலைத்த குடும்பங்கள் உண்டு. அன்றிலிருந்து நாலு பேர் கூடும்போதெல்லாம் தேநீர் போட்டுக் கொடுப்பார். "இவன் யாரு, அந்தப் பச்சை மூக்கனா?" என்று திரையைக் காட்டிக் கேட்டுத் திட்டு வாங்கிக்கொள்வார்.

இப்போது ஐந்தாவது தொடர். இதுவே கடைசி என்று அறிவித்தும்விட்டார்கள்.

முதல் பகுதியிலிருந்தே அவளுக்கு எரிந்தது. கப்பலில் ஒருத்தரும் விளக்குப் போடுவதில்லை. "இவ்வளவு தூரம் பறக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சுவிட்சைத் தட்டத் தெரியாதா?" கேப்டன் வாரம் தவறாமல் அழுதார். "அழட்டும், வேண்டாங்கல. கப்பலை ஓரமா நிறுத்திட்டு அழட்டும்." ஊழியர்கள் ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பல்லைக் கடிப்பதன் பலன்களை அவளைவிட அறிந்தவர் இல்லை.

கடைசிக்கு முந்தின பகுதியில் அது நடந்தது. ஒரு பனிக்கோளில் எண்ணெய்க் கிழவன் இறங்கி ஏதோ குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறான். எதிரிகள் வருகிறார்கள். புதுக் கேப்டன் திரையில் ஓடும் எண்களைப் பார்க்கிறார். "கணக்கு ஒத்துவரவில்லை" என்கிறார். கதவை மூடச் சொல்கிறார். மூடுகிறார்கள். பனியில் ஒரு கிழவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, கப்பல் போய்விடுகிறது.

கமாண்டர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த மின்சாரப் பொத்தானையே தட்டி அணைத்தாள்.

"அக்கா, அடுத்த பகுதியில திரும்பி வருவாங்க பாரேன்" என்றான் தம்பி.

"வந்தா? திரும்பி வந்துட்டா விட்டுட்டுப் போனது இல்லேன்னு ஆயிடுமா? கணக்குப் பார்த்துட்டான்டா. பார்த்தது பார்த்ததுதான். எனக்கும் இந்தக் கப்பலுக்கும் இன்னையோட சரி. கடைசிப் பகுதியை நான் பார்க்க மாட்டேன்."

ஊசி மெதுவாகச் சொன்னாள்: "நீ பார்க்கலேன்னா நாங்களும் பார்க்க முடியாதேக்கா."

"பார்க்காதீங்க. நான் விதி போட்டப்ப யாராச்சும் எதிர்த்தீங்களா?"

இப்படியாக, கப்பல் யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று போராடப் புறப்பட்டவள், ஒரு கப்பலையே நடுவானில் கட்டிப்போட்டு நிறுத்தினாள். கடைசிப் பகுதி வெளிவந்து வாரங்கள் ஓடின. ஊரெல்லாம் பார்த்தாயிற்று. ஊசி காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தைக்கிறாளாம். அளவு சொன்னது கேட்காமல் ஒருத்தருக்குக் கால்சட்டை முழங்காலோடு நின்றுவிட்டது. வக்கீல் நீதிமன்றச் சிற்றுண்டிச் சாலைப் பக்கமே போவதில்லையாம். தம்பி கடையில் பழுது பார்க்க வந்த எந்தத் தொலைக்காட்சியையும் சத்தம் வைத்துச் சோதிப்பதில்லையாம். வாங்கிக்கொண்டு போனவர்கள் படம் தெரிகிறது, பேச்சைக் காணோம் என்று திரும்பி வருகிறார்களாம். இதையெல்லாம் கேட்டுக் கமாண்டருக்கு உள்ளூர ஒரு திருப்தி. நாட்டில் ஒழுங்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தம்பி கடையை மூடிவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறான். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள், அவனுக்கும் மனைவி போன பிறகு தனிச் சமையல். ஞாயிறு தாண்டினால் விமானம். அதற்குப் பிறகு நாலு பேரும் ஒரே அறையில் என்பது நடக்கிற காரியமில்லை.

அதைச் சொல்லத்தான் அன்று மதியம் ப்ளாஸ்டர் அறைக்கு வந்தான். வாசற்படியில் நின்றபடி குப்பைத் தொட்டியைப் பார்த்தான்.

"எத்தனை தாடை இன்னைக்கு?"

"உனக்கென்ன? உன் வேலையைப் பாரு. பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"டிவி மட்டும் பாக்கி. ஞாயித்துக்கிழமை வாயேன்க்கா."

"வரேன். வழியனுப்ப வரேன். படம் பார்க்க வரமாட்டேன்."

"அவங்க ரெண்டு பேரும் பாவம்க்கா."

"நான் பாவமில்லையா? நாற்பது வருஷத்துக்கு மேல அந்தக் கிழவனை நம்பியிருக்கேன். பனியில நிக்க வெச்சுட்டுப் போறான். கேட்டா கணக்காம். ஏன்டா, கணக்குப் பார்க்கிறவன் எவனாச்சும் விண்வெளிக்குப் போவானா? வீட்டுல இருந்திருப்பானே!"

"நீ இன்னும் அதுலயே நிக்கறே."

"எங்க போகச் சொல்ற? எல்லாரும் போயிட்டா யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல?"

அலமாரியில் இருந்த ஒரு தாடையைத் திறந்து மூடினான். அவள் அவன் கையிலிருந்து பிடுங்கி வைத்தாள்.

"போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டாள். அது கப்பலைப் பற்றி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"லீவுக்கு வருவேன்க்கா."

"என்ன லீவு? உனக்கென்ன உத்தியோகமா பண்ணப் போற? பேரப்பிள்ளைக்குத் துணி மாத்தப் போற. அதுக்கு ஏது லீவு?"

அவன் போன பிறகு கலக்கியதிலும் குமிழிதான்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது."

"அப்படின்னா சொல்லாதீங்க."

"அந்தக் கிழவரை விட்டுட்டுப் போனது தப்புன்ற. சரி. நாலு பேரும் சேர்ந்து பார்க்கற கடைசிப் படத்துக்கு நீ வரலேன்னா, அந்த மூணு பேரையும் நீ விட்டுட்டுப் போன மாதிரிதானே?"

"நான் எங்க போனேன்? இங்கதான் உக்காந்திருக்கேன்."

"கிழவரும் அங்கேயேதான் உக்காந்திருக்காரு. பார்க்கிற பக்கத்தைப் பொறுத்து."

கமாண்டர் கரண்டியைக் கீழே வைத்தாள். பச்சை மூக்கன் யார் என்றே இத்தனை வருஷமாகத் தெரியாதவர் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவது அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் கோபம் உறுத்தலைவிடப் பெரிதாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர் வக்கீல். தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஒரு மிடுக்கு. அது அவருக்கு நீதிமன்றத்தில் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

"கமாண்டர், நீங்க போட்ட விதியோட வாசகம் என்ன? நாலு பேரும் ஒரே அறையில இருக்கணும். சரியா?"

"சரி."

"இருக்கணும். அவ்வளவுதான். பார்க்கணும்னு எங்க சொல்லியிருக்கு?"

சட்டம் சரி. தம்பியின் வீட்டில், தம்பி ஊரில் இருக்கிற கடைசி ஞாயிறு. வரத்தான் வேண்டும். பார்க்கவும் கூடாது.

"வரேன். ஆனா திரைக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவேன். காதை மூடிக்க மாட்டேன், அது கோழைத்தனம். ஆனா கண்ணால பார்க்க மாட்டேன். அது என் எதிர்ப்பு."

"ஆட்சேபணை இல்லை" என்றார் வக்கீல்.

ஞாயிறு மதியம் தம்பியின் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் சுவர்வரை அடுக்கியிருந்தன. படங்கள் கழற்றிய இடங்களில் சுவர் வெளுப்பாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. தொலைக்காட்சி மட்டும் பழைய இடத்தில். ஊசி சீருடைகளைக் கொண்டு வந்திருந்தாள். வக்கீலுக்குப் பொத்தான் சேரவில்லை. ஊசி முதுகுப் பக்கம் கத்தரித்து ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தாள். முன்பக்கம் அதிகாரி, பின்பக்கம் ஒட்டு. வீட்டுக்காரர் தேநீர்த் தட்டோடு வந்து, வழக்கத்துக்கு மாறாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு உக்காரறீங்க? உங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே" என்றாள்.

"கால் வலிக்குதும்மா."

கமாண்டர் தன் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நேர் முன்னால் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மடியில் அவசர வேலை ஒன்று, மெழுகில் பாதி நட்ட ஒரு மேல்தாடை. பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர்போல ஒவ்வொருத்தர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "ம், போடுங்க" என்றாள்.

தலைப்பு இசை வந்தது. அந்த இசையை முதுகுப் பக்கமிருந்து கேட்பது ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதைவிட மோசமாக இருந்தது. அவள் மெழுகைச் சீவினாள். பின்னால் கப்பல்காரர்கள் ஏதோ வாக்குவாதம். சும்மா நிமிர்ந்து பார்த்தாள்.

ஊசி கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு? பின்னால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருவர் வெப்பநிலை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊசி கைக்குட்டையை மடித்து மூக்குக்கு அருகே தயாராக வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சோக இசை வந்தது. வந்ததும் ஊசி அழ ஆரம்பித்தாள்.

கமாண்டரின் கத்தி நின்றது.

தம்பியைப் பார்த்தாள். அவன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தான். பிடித்த பிறகுதான் அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிதாக வெடித்தது. வக்கீலைப் பார்த்தாள். திடுக்கிட்டவன் தாடை கீழே விழும். மனிதத் தாடையின் அமைப்பே அப்படி, கீல் அந்தப் பக்கம்தான் தளரும். வக்கீலின் தாடை கீழே விழவில்லை. முன்கூட்டியே திறந்து, வசதியாகத் தயாராக நின்றது. வெடித்ததும், "அடடா!" என்றது.

கடைசியாக வீட்டுக்காரரைப் பார்த்தாள். இவர் யாரையும் கவனிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கேப்டன் பேசப் பேச, அவருடைய உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை.

"நிறுத்து!"

தம்பி நிறுத்தினான்.

"எல்லாரும் பார்த்தாச்சு" என்றாள் கமாண்டர். கேள்வியாக இல்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூன்று பேரும் அவளைப் பார்க்கவில்லை; ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயுமா?" என்றாள் ஊசி தம்பியிடம். "காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன்னு நான் சொன்னப்ப, பாவம் ஊசின்னு சொன்னியே!"

"நீ பஞ்சு வெச்சுக்கிட்டு என்னத்தைப் பார்த்தே?"

"பஞ்சு கடையிலதானே. வீட்டுல இல்ல."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "என்னைப் பொறுத்தவரை, ஒரு தொழில் நிமித்தம்…"

"வக்கீல் ஸார், வாயை மூடுங்க. அது ஏற்கெனவே ரொம்ப நேரமா திறந்திருக்கு" என்றாள் கமாண்டர். எழுந்து நின்றாள். மெழுகுத் தாடை கையிலேயே இருந்தது. அதையே ஆட்டி ஆட்டிப் பேசினாள். "பச்சைத் துரோகம். அவன் கணக்குப் பார்த்துக் கதவைச் சாத்தினான், நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பார்த்தீங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டுப் பார்த்திருந்தாலாச்சும் ஒரு கூட்டுச் சதின்னு மரியாதையா இருந்திருக்கும். தனித்தனியா, திருட்டுத்தனமா! மஞ்சள் காமாலையில கிடந்தவளுக்காக நாங்க நாடாவைப் பூட்டி வெச்சோம். அவ என்னடான்னா…"

"நீ பார்க்கவே மாட்டேன்னியேக்கா!" என்று ஊசி மூக்கை உறிஞ்சினாள். "உனக்காகக் காத்திருந்தா சாகிற வரைக்கும் காத்திருக்கணும்."

"காத்திருக்கணும்! அதுக்குப் பேர்தான் காத்திருக்கிறது!" அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க? உங்களுக்குப் பச்சை மூக்கனையே தெரியாதே!"

"தெரியும்மா" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "ரெண்டாவது தொடர்லேர்ந்தே தெரியும். தெரியாத மாதிரி கேட்டா நீ முழுசா விளக்கிச் சொல்லுவ. அது கேக்க நல்லாயிருக்கும்."

கோபப்பட வேண்டிய விஷயம்தான். எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் புரியவில்லை.

தம்பி எழுந்து வந்தான். "அக்கா, நான் முதல் ராத்திரியே பார்த்துட்டேன். தனியா உக்காந்து. தப்புதான். பார்த்து முடிச்சதும் என்ன தோணிச்சு தெரியுமா? நீ இதுல எந்த இடத்துல கத்துவேன்னு தோணிச்சு. கத்தறதுக்கு ஆள் இல்லாம பார்த்தா அது பார்த்த மாதிரியே இல்ல. அதனாலதான் ஞாயித்துக்கிழமைக்கு இப்படிக் கெஞ்சினேன்."

"விட்டுட்டுப் போனீங்க."

"போனோம். திரும்பி வந்துதானே உக்காந்திருக்கோம்?"

"திரும்பி வந்துட்டா விட்டுட்டுப் போனது இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாது" என்றான் தம்பி. "ஆகாதுக்கா. போனது போனதுதான்."

அவன் ஒப்புக்கொண்டது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டைக்கு நின்றவன் திடீரென்று கையைக் கீழே போட்டால் ஓங்கிய கையை எங்கே வைப்பது? அவள் சுற்றிப் பார்த்தாள். அடுக்கிய பெட்டிகள். சுவரில் வெளுத்த சதுரங்கள். ஆரஞ்சுக் காலரும் அழுத மூக்குமாக ஊசி. முதுகில் ஒட்டுப் போட்ட வக்கீல். நாளை மறுநாள் இந்த அறையில் வேறு யாராவது வேறு எதையாவது பார்ப்பார்கள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. இந்த அறையில், ஏன், இந்த ஊரில், முடிவு தெரியாத ஒரே ஆள் அவள்தான். பனியில் நின்ற கிழவன் என்ன ஆனான் என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்காகச் சண்டை போட்டவளைத் தவிர. இது எந்த ஊர் நியாயம்?

அவள் தாடையை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். நாற்காலியைத் தரை கீறத் திருப்பினாள். இப்போது அவர்களுக்கு முதுகு, திரைக்கு முகம்.

"முதல்லேர்ந்து போடு."

"அக்கா…"

"போடுன்னா போடு. நான் மன்னிக்கல, தெரிஞ்சுக்கோ. யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே அழுதீங்க, அடடான்னீங்க, உதட்டை அசைச்சீங்க, எழுந்து போயிடுவேன். என் மூஞ்சியையும் எட்டிப் பார்க்கக் கூடாது. படத்தைப் பாருங்க."

மூன்று பேரும், வீட்டுக்காரரோடு சேர்த்து நாலு பேரும், சத்தமில்லாமல் நாற்காலிகளைப் பக்கவாட்டில் நகர்த்தி அவளுடைய முகம் தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். படத்தை அதற்குப் பிறகு ஒருத்தரும் பார்க்கவில்லை.

கப்பல் திரும்பத்தான் செய்தது. அதுவும் கேப்டன் திருந்தியதால் இல்லை. எண்ணெய்க் கிழவன் இல்லாமல் இன்ஜின் ஓடவில்லை. "பார்த்தியா, இதுவும் கணக்குதான்!" என்று கமாண்டர் திரையைப் பார்த்துக் கத்தினாள். பனிக்கோளில் இறங்கிக் கதவைத் திறந்தார்கள். கிழவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான், தாடியெல்லாம் பனி. ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று கேப்டன் கையை விரித்தார். கிழவன் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தான். முதல் கேப்டன் காலத்திலிருந்து தொடங்கி, அட்டைச் சுவர் காலத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டினான்.

"ஏறாதே!" என்றாள் கமாண்டர். "ஏறாதேய்யா! மானம் இருந்தா ஏறாதே! விட்டுட்டுப் போனவன் கூப்பிட்டா உடனே போயிடறதா? நல்லா கேளு அவனை! அந்தக் கணக்கைப் பத்திக் கேளு!"

கிழவன் திட்டிக்கொண்டே எழுந்தான். திட்டிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டினான். கேப்டன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, திட்டிக்கொண்டே படியேறி, உள்ளே போய், இன்ஜின் அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டான். உள்ளேயிருந்தும் திட்டுச் சத்தம் கேட்டது. கப்பல் கிளம்பியது. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

கமாண்டர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான், அல்லது சிரித்துக்கொண்டே துடைத்தான்.

"அவன் ஏறியிருக்கக் கூடாது" என்றாள். கொஞ்சம் கழித்து, "திரும்ப வை. அந்தப் பனி இடத்துலேர்ந்து. அவன் என்ன சொல்லித் திட்டினான்னு எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றாள்.

எப்படிக் கேட்கும்? அவன் வாயைத் திறந்ததிலிருந்து மூடியது வரை அவளும் கூடவே திட்டிக்கொண்டிருந்தாள்.